கொழுந்து நிறுவை அட்டவணையைப் பிரிப்பது தோட்ட டிவிஷன் வாரியாகவா, திகதி வாரியாகவா?

ஹட்டன்காரன்:
சில தேயிலைத் தோட்டங்களின் கொழுந்து நிறுவைக் கணக்கு என் பொறுப்பில் இருக்கிறது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 15. ஆளுக்கு ஒரு நாளில் மூன்று நிறுவை, ஒவ்வொன்றும் தனி வரி. 2012 முதல் சேர்ந்து நாலு கோடியைத் தாண்டிவிட்டது. மாத முடிவில் செக்ரோல் (சம்பளப் பட்டியல்) போட்டால் அசையவே மாட்டேன் என்கிறது. சம்பளம் பிந்தினால் ஏச்சு எனக்குத்தான். அட்டவணையைத் துண்டுகளாக்கி பார்ட்டிஷன் போட்டால் சரியாகுமா? திகதியில் வேகமாகத் தேட இன்டெக்ஸ் இருக்கிறது.

பண்டாரவளை அக்கா:
தம்பி, இன்டெக்ஸ் இருந்துமா? வினவலில் திகதியை எப்படிக் கேட்கிறீர்கள்? வினவல் எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் என்ன சொல்கிறது?

ஹட்டன்காரன்:
திகதியிலிருந்து வருடம், மாதத்தைப் பிரித்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்ட் ஃபங்ஷன் வைத்து வருடம் 2025, மாதம் 4 என்று கேட்கிறேன் அக்கா. முழு அட்டவணையையும் ஸ்கேன் பண்ணுகிறது.

பண்டாரவளை அக்கா:
அதுதான் வினை. நிரலை ஃபங்ஷனுக்குள் போட்டால் அந்தச் சாதாரண இன்டெக்ஸ் உதவாது. பார்ட்டிஷன் போட்டாலும் இதே கதைதான், எல்லாத் துண்டையும் திறந்து பார்க்கும். ஏப்ரல் 1 முதல், மே 1இற்கு முன் என்று நிரலை நேராக ஒப்பிடுங்கள்.

ஹட்டன்காரன்:
தேத்தண்ணி ஊற்றி வருவதற்குள் முடிந்துவிட்டது! ஆனால் பழைய வருடங்களை அகற்றவும் சொல்கிறார்கள். டிலீட் போட்டால் மணிக்கணக்கு ஆகிறது, டிஸ்க்கிலும் இடம் திரும்பவில்லை.

மாத்தளை:
இதற்குத்தான் பார்ட்டிஷன் வேண்டும். வருட வாரியாக ரேஞ்ச் (திகதி எல்லை வைத்த) பார்ட்டிஷன் போடுங்கள். பழைய வருடத்தை டிடாச் பண்ணி (கழற்றி), பேக்கப் எடுத்து, டிராப் பண்ணினால் இடமும் அப்போதே கிடைக்கும். டிவிஷன் வாரியாக வேண்டவே வேண்டாம். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. நாளை இரண்டை ஒன்றாக்கினால் வரிகளையெல்லாம் இடம் மாற்ற வேண்டும். பழையதை அகற்றவும் அது உதவாது. மாதத் துண்டும் இந்த அளவுக்கு அதிகம்தான்.

ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீயில் திகதியும் வர வேண்டும், நிறுவை இலக்கம் மட்டும் போதாது. அந்த இலக்கத்தைச் சுட்டும் எடைக் கழிவு அட்டவணை ஏதும் இருந்தால் அதிலும் திகதி நிரல் சேர்க்க வேண்டிவரும். எனக்கு அதில்தான் அதிக வேலை போனது. மேல் எல்லை உள்ளடங்காது, எனவே 2025 துண்டின் முடிவு 2026-01-01.

ஹட்டன்காரன்:
இருக்கிற அட்டவணையை அப்படியே மாற்றலாமா அண்ணன்?

மாத்தளை:
முடியாது. புதிதாக ஒன்றை உருவாக்கி வருடம் வருடமாகப் பிரதி பண்ணுங்கள். எந்தத் துண்டிலும் சேராத வரிகள் போகும் டிஃபோல்ட் துண்டு வைக்காதீர்கள். அது இருந்தால், மற்ற வேலைகளை மறிக்காமல் துண்டைக் கழற்றும் டிடாச் கன்கரண்ட்லி ஓடாது. அப்புறம், டிசம்பரிலேயே அடுத்த வருடத் துண்டைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஜனவரி முதல் நிறுவையே எரர்.