முன்கையில் பச்சை குத்தியிருந்தது: டிசெக்‌ஷன் ஹால் அனுபவங்கள்

மூணாம் டேபிள்:
2008 பேட்ச், எம்.பி.பி.எஸ். கல்லூரிப் பெயர் வேண்டாம். பாடத்துக்கு அறுக்கும் உடல்களைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் கண்ணை எரித்தது, முதல் நாளே ஒருவன் மயங்கி விழுந்தது, ஒரு வாரம் கறி சாப்பிட முடியாமல் போனது, இதெல்லாம் நம் எல்லாருக்கும் ஒரே கதைதான். விடுங்கள்.

எங்கள் டேபிளில் ஒரு பாட்டியின் உடல். மார்பிலிருந்து தொடங்கி அக்குள், மேற்கை என்று வரிசையாக வந்தோம். அக்குளில்தான் பிரேக்கியல் பிளெக்சஸ். கழுத்திலிருந்து வரும் ஐந்து நரம்பு வேர்கள் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிகிற அந்தச் சிக்கல் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். அதைத் தேடுகிற அவசரத்தில் குறுக்கே வந்த எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டோம். மொச்சைக்கொட்டை அளவில் கறுப்பாக நாலைந்து முடிச்சுகள்கூட வந்தன. லிம்ஃப் நோடு, நிணநீர் முடிச்சுதான், அது வேண்டாம், தூக்கிப் போடு என்றார்கள்.

அதுவரை முன்கை ஈரத்துணி சுற்றியே கிடந்தது. முன்கைப் பாடம் வந்த அன்றைக்குத் துணியைப் பிரித்தால் பச்சை. ஒரு சின்னக் கோலம், அதற்குக் கீழே மூன்றெழுத்தில் ஒரு பெயர். தோல் பழுப்பேறி மரத்துப் போயிருந்தாலும் எழுத்து தெளிவாகவே இருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

கத்தி என் கையில். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை நடுக்கோடு. "கொஞ்சம் தள்ளி வெட்டேன்" என்றாள் பக்கத்தில் நின்றவள். டெமான்ஸ்ட்ரேட்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "நடுக்கோடுன்னா நடுக்கோடுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விட்டார். வெட்டினேன். நடு எழுத்து இரண்டாகப் பிரிந்தது. அன்றைக்கு முன்கை நடுவில் ஓடும் மீடியன் நரம்பை அழகாக எடுத்துக் காட்டினேன், பாராட்டும் கிடைத்தது. பதினைந்து வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது, இன்னும் யார் கையிலாவது பச்சையைப் பார்த்தால் அந்த நடு எழுத்துதான் நினைவுக்கு வருகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

எலும்புப் பெட்டி:
உண்டு. சீனியரிடம் வாங்கிய போன் செட்டை, அதாவது படிப்பதற்கான மனித எலும்புகளை, சாக்கில் கட்டி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அம்மா இழுத்துவிட்டார். கத்துவார் என்று பார்த்தால், மண்டையோட்டைக் கையில் எடுத்து, "ஆம்பிளையா பொம்பளையாடா?" என்றார். இரண்டு மாதமாக அதை வைத்துப் படிக்கிறேன், அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. இடுப்பெலும்பை எடுத்துப் பார்த்தேன். பின்பக்க வெட்டு நன்றாக அகன்றிருந்தது. பொம்பளை என்றேன். அம்மா மண்டையோட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்து, திரும்பச் சாக்கில் வைக்காமல் பூஜை அலமாரிக்குக் கீழ்த்தட்டில் வைத்தார்.

இப்போது முதல் வருஷம் படிக்கிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், மாட்டுவது தொடை எலும்பில் இல்லை, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பான ஃபிபுலாவில். வலதா இடதா என்று கேட்டால் பாதிப் பேர் நாணயம் சுண்டுகிற மாதிரி பதில் சொல்கிறார்கள். வழி எளிது. தட்டையாக, கூராக முடிகிற முனை கீழ்முனை, அதாவது வெளிக் கணுக்கால். அதில் முக்கோணமாக வழவழப்பான பரப்பு ஒன்று இருக்கும், அது உள்பக்கம் பார்க்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் ஒரு குழி, அது பின்பக்கம். இந்த இரண்டையும் சரியாக வைத்து உங்கள் காலோடு ஒட்டிப் பாருங்கள், எந்தக் காலுக்குப் பொருந்துகிறதோ அந்தப் பக்கம். எலும்பைக் கையில் வாங்கியதும் வாயைத் திறக்காதீர்கள், முதலில் பிடிக்க வேண்டிய விதத்தில் பிடியுங்கள், அதற்கே பாதி மார்க். வரிசையாக வைத்த மாதிரிகளை அடையாளம் சொல்லும் ஸ்பாட்டர் தேர்வில் மணி அடித்தால் நகர்ந்துவிடுங்கள், விட்ட கேள்வியை நினைத்து அடுத்ததையும் விடாதீர்கள். தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்களுக்கு முதல் மூன்று மாதம் ஒன்றும் புரியாது. தமிழ்ச் சொற்களை மறந்துவிட்டு ஒரு மெடிக்கல் டிக்‌ஷனரி வாங்குவது நல்லது.

பிசியோ அக்கா:
என் கதை சின்னது. பி.பி.டி., அதாவது பிசியோதெரபி பட்டப்படிப்பு, முதல் வருஷம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டவைத்து மணிக்கட்டை லேசாக மடக்கச் சொன்னார் மேடம். எல்லார் கையிலும் நடுவில் ஒரு நரம்பு மாதிரி எழும்பியது. அது நரம்பு இல்லை, பால்மாரிஸ் லாங்கஸ் என்ற முன்கைத் தசையின் தசைநாண். எனக்கு இரண்டு கையிலும் எழும்பவே இல்லை. நூற்றில் ஏறக்குறைய 15 பேருக்கு அது கிடையாது என்று புத்தகத்தில் இருக்கும். இல்லாவிட்டாலும் ஒரு குறையும் இல்லை, வேறிடத்தில் அறுந்த தசைநாணுக்குப் பதிலாக வைக்க அறுவை மருத்துவர்கள் எடுப்பதே இதைத்தான். அதெல்லாம் தெரிந்தும், மேடம் என் கையை உயர்த்திப் பிடித்து "எல்லாரும் வந்து பாருங்க" என்றதும் அறுபது பேர் வரிசையில் வந்து என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். டேபிளில் படுத்திருந்தவரை நாங்கள் அப்படித்தானே தினமும் தொட்டோம் என்று அன்றைக்கு ராத்திரிதான் உறைத்தது.

தாத்தாவின் பேத்தி:
நான் டாக்டர் இல்லை, டேபிளுக்கு அந்தப் பக்கத்து ஆள். மூணாம் டேபிள் சார், அந்தப் பாட்டி தானாகக் கொடுத்தவரா, கேட்பாரற்றுக் கிடந்தவரா? நீங்கள் கேட்டீர்களா? யாரும் உரிமை கோராத உடலைக் கல்லூரிக்குக் கொடுக்கத் தமிழ்நாட்டில் 1951லேயே சட்டம் வந்துவிட்டது. பெயரைக் கையில் குத்திக்கொண்ட ஒருத்தியை உரிமை கோர ஆள் இல்லாமல் போயிருக்கலாம் என்பதுதான் உங்கள் கதையில் என்னை உறுத்துகிறது, கத்தி எங்கே போனது என்பது இல்லை.

என் தாத்தா எழுதிக் கொடுத்துவிட்டே போனார். நாங்கள் கொண்டுபோன அன்று அனாடமி துறையில் ஒரு மேஜை, ஒரு பதிவேடு, இரண்டு கையெழுத்து. எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. கிளம்பும்போது அட்டெண்டர் அண்ணன் ஓடி வந்து, "கண்ணாடியை விட்டுட்டீங்க" என்று தாத்தாவின் மூக்குக் கண்ணாடியை நீட்டினார். அது வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, வாங்கவும் கை வரவில்லை.

தெரியாதவர்களுக்காக: உறுப்பு தானமும் உடல் தானமும் வேறு வேறு. 2023இல் அரசு மரியாதை அறிவித்தார்களே, அது மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்கிறவர்களுக்கு. உடல் தானம் என்பது படிப்பதற்கு முழு உடலையும் கொடுப்பது. உறுப்புகளை எடுத்துவிட்டால் பொதுவாகக் கல்லூரியில் வாங்க மாட்டார்கள், கண் மட்டும் விதிவிலக்கு. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்துக்கொண்டு உடலைக் கல்லூரிக்குக் கொடுக்கலாம். தாத்தாவுக்கு அப்படித்தான் செய்தோம். விபத்து, தற்கொலை என்று போஸ்ட்மார்ட்டம் ஆன உடலையும் எடுக்க மாட்டார்கள். முக்கியமாக, தாத்தா கையெழுத்துப் போட்டிருந்தாலும் கடைசியில் வீட்டார் சம்மதித்தால்தான் நடக்கும். அதனால் எழுதி வைப்பதோடு நிற்காமல் சண்டை போடக்கூடிய சொந்தக்காரர் யாரோ அவரிடம் முதலில் பேசி வையுங்கள். எங்கள் வீட்டில் சித்தப்பாவிடம் பேசாமல் விட்டோம். அது தனிக் கதை.

ஏழரை கோட்டா:
எலும்புப் பெட்டி அண்ணா, அந்த டிக்‌ஷனரி அறிவுரைக்கு ஒரு பதில். நான் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவன். முதல் வாரம் சார் ஒரு எலும்பைத் தூக்கிக் காட்டி இது என்ன என்றார். எனக்குத் தெரியும். "காரை எலும்பு" என்றேன். பின்வரிசையில் சிரிப்பு. சார் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பதிலே வராத மாதிரி அடுத்தவனைப் பார்த்தார். அவன் "ஹியூமரஸ்" என்றான், அது மேற்கை எலும்பு, தப்பு. அதற்கு "நோ, ட்ரை அகெய்ன்" கிடைத்தது. சரியாகச் சொன்ன எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

அப்புறம் தேடிப் பார்த்தால், காரை எலும்புக்கு அவர்கள் சொல்லும் கிளாவிக்கிள் என்பதற்கு லத்தீனில் சின்னச் சாவி என்று அர்த்தம், முன்காலில் இருக்கும் டிபியா என்றால் புல்லாங்குழல். அவர்கள் ஊர்ச் சாமான் பெயர்தான் அதுவும். யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூறு நூலைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஆங்கிலச் சொல் வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது நானும் அதில்தான் எழுதுகிறேன். தமிழை மறந்துவிட்டு வா என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

எலும்புப் பெட்டி:
தம்பி, மறந்துவிட்டு என்று எழுதியது தப்புதான். டிக்‌ஷனரி மட்டும் வாங்கிக்கொள்.

ஸ்லைடு பெட்டி:
நான் பேத்தாலஜி, திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கிற துறை. மூணாம் டேபிள், நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியை யாரும் கவனிக்கவில்லை. அக்குளில் கறுப்பு முடிச்சுகள் என்றீர்களே. நுரையீரல் வேரில் இருக்கும் நோடுகள் கறுத்திருந்தால் அடுப்புப் புகை, ஊர்ப் புகை. அக்குளில் கறுத்திருந்தால் முதலில் கையைப் பார் என்பார்கள். பச்சை என்று சொன்னாலும் நம் ஊரில் குத்துவது விளக்குக்கரியை இலைச்சாற்றில் குழைத்துத்தான், தோலுக்கு அடியில் இருப்பதால் பச்சையாகத் தெரிகிறது. குத்தியதில் ஒரு பகுதி தோலிலேயே தங்கிவிடும். இன்னொரு பகுதியை உடம்பின் விழுங்கணுக்கள் தின்றுவிட, நிணநீர் வழியாக அது அக்குளுக்குப் போய்ச் சேரும், பிறகு அங்கேயே நிற்கும். மார்பகப் புற்றுக்கு எடுத்த நோடுகளில் இதை நானே பார்த்திருக்கிறேன். ஒருமுறை புற்றுதான் பரவிவிட்டது என்று பயந்து ஸ்லைடில் வைத்தால் வெறும் கரி. அந்த அம்மாவிடம் கேட்டதற்கு, பதினோரு வயதில் குறத்தி வந்து குத்தினாள் என்றார்.

உங்கள் பாட்டிக்கு அந்த முடிச்சுகள் பச்சை குத்திய கையின் பக்கம்தானா?

மூணாம் டேபிள்:
பேத்தி கேட்டதற்கு: தெரியாது. கழுத்தில் ஒரு நம்பர் வில்லை இருந்தது. நான் கேட்கவில்லை.

ஸ்லைடு பெட்டி கேட்டதற்கு: அதே பக்கம். வலது. இரண்டு குழுவாகப் பிரித்திருந்தார்கள், வலது பக்கம் எங்களுடையது. மற்றவர்கள் நரம்பை நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டிருந்தார்கள், சுத்தம் செய்வது என் வேலை. ஃபோர்செப்ஸால் ஒவ்வொன்றாக எடுத்து டேபிளுக்கு அடியில் இருந்த பக்கெட்டில் போட்டேன். ஐந்து என்று நினைக்கிறேன்.