கவுன்சிலரின் வீட்டுக்காரர் மீது மனு கொடுத்தபோது

எங்கள் தெருதான் ஊரின் கடைசித் தெரு. அதைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். எங்கே தோண்டினாலும் உப்பு. என் மாமியார் காலத்தில் மணலில் ஊற்றுப் பறித்து, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்புவார்களாம். நாங்கள் தள்ளுவண்டிக்காரரிடம் குடம் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கே காவிரித் தண்ணீர் இணைப்பு தருகிறார்கள் என்றதும் நேராக ஆபீசுக்குப் போய் டெபாசிட் கட்டி ரசீது வாங்கிவிட்டேன்.

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. கவுன்சிலர் ஒரு பெண்தான். ஆனால் போனை எடுப்பது, ஆபீசில் அவருக்கான நாற்காலியில் உட்காருவது, குழாய் போடும் ஆளை அனுப்புவது எல்லாம் அவர் வீட்டுக்காரர். "என்கிட்ட சொல்லாம எப்படிக் கட்டுன? பத்தாயிரம் குடு, நாளைக்கே குழாய் வரும்" என்றார். தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இப்படிச் சொன்னார். நான் கொடுக்கவில்லை.

நாலு மாதம் போனது. ஒருநாள் மனசு கேட்காமல் கவுன்சிலர் வீட்டுக்கே போனேன். அவர் கதவுக்குப் பின்னால் நின்றபடி, "அவுககிட்ட பேசிக்கங்கக்கா" என்று மட்டும் சொன்னார். குரலே எழும்பவில்லை. திரும்பி வரும்போது கோபத்தை விட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. நான் ஓட்டுப் போட்டது அந்தப் பிள்ளைக்குத்தான்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, பக்கத்து வீட்டு லாத்தாவையும் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போனேன். மனு எழுதுபவரிடம் மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். அராஜகம், அட்டூழியம், ரவுடித்தனம் என்று இரண்டு பக்கம் எழுதித் தந்தார். பதிந்து, எண் போட்ட சீட்டும் கொடுத்தார்கள். பெரிய காரியம் முடித்த மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

அந்த மனு என்ன ஆனது தெரியுமா? "உரிய நடவடிக்கைக்காக" என்று எங்கள் ஊர் ஆபீசுக்கே அனுப்பிவிட்டார்கள். யாரைப் பற்றிப் புகார் சொன்னேனோ அவர் தினமும் உட்காரும் அதே ஆபீஸ். அந்த வாரமே மோட்டார் சைக்கிளில் வாசலுக்கு வந்தார். "கலெக்டர் வரைக்கும் போய்ட்டியோ?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கடலில் இருந்தார். லாத்தா தன் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டார், ஒரு வார்த்தை பேசாமல். லாத்தா நின்றதால்தான் அந்த ஆள் கிளம்பினார்.

எனக்கு வழி காட்டியவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கிளார்க் மாமா. மனு நகலைப் படித்துவிட்டுத் திட்டின வரிகளை எல்லாம் பேனாவால் அடித்தார். மிஞ்சியது நாலே வரி. "ஆள் எப்படிப்பட்டவன்னு எழுதாதம்மா. எந்தத் தேதி, எந்த இடம், என்ன சொன்னான், பக்கத்துல யாரு நின்னா, அதை எழுது" என்றார். இன்னொன்றும் சொன்னார். ஆபீஸ் அதிகாரியால் கவுன்சிலரை ஒன்றும் செய்ய முடியாது. கவுன்சிலர் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் இல்லை, ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர். பதவி சம்பந்தமான நடவடிக்கை அரசாங்கம்தான் எடுக்க வேண்டும். உள்ளாட்சிப் புகார்களை விசாரிக்கவே 2014-இல் சட்டம் போட்டுச் சென்னையில் முறைமன்ற நடுவம் அமைத்திருக்கிறார்கள், அங்கே எழுது என்றார்.

அதற்கு முன்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஒரே கேள்விதான் கேட்டோம்: எங்கள் வார்டில் இணைப்புக்குப் பணம் கட்டியவர்களின் பதிவு எண், கட்டிய தேதி, இணைப்புக் கொடுத்த தேதி. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். கடைசி நாளில் வந்தது. எனக்குப் பின்னால் பணம் கட்டிய ஏழு பேருக்கு இணைப்பு கொடுத்தாகிவிட்டது. அந்த ஒரு தாளைப் பார்த்தபோதுதான் எனக்குத் தைரியமே வந்தது.

புதுப் புகாரை யார் பேரில் எழுதுவது என்பதில்தான் எனக்கு மனசு ஒப்பவில்லை. "பதவி அந்தப் பிள்ளை பேர்ல இருக்கு, புகாரும் அது பேர்லதான் போகணும். வீட்டுக்காரன் செஞ்சதை அதுல எழுது" என்றார் மாமா. கதவுக்குப் பின்னால் நின்ற முகம்தான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் எழுதினேன். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். நகல் கலெக்டருக்கும் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் குழாய் வந்தது. கவுன்சிலரின் வீட்டுக்காரர் ஆபீஸ் நாற்காலியில் உட்காரக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். எதிர் டீக்கடையில் உட்காருகிறார்.

இதைப் படித்துவிட்டுத் தெற்குக் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியது:

அக்கா, பணம் கேட்ட அன்றே நீங்கள் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போயிருக்கலாம். கவுன்சிலரும் சட்டப்படி பொது ஊழியர்தான், அவருக்காகக் கை நீட்டுகிறவரும் மாட்டுவார். என் கதை வேறு. வீட்டு வரி பேர் மாற்ற நான் பணத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் புகார் கொடுக்க ஓடினேன். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபின் கொடுத்தவனும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். நான் போனது இருபதாவது நாள். வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன். கேட்ட உடனே, கொடுப்பதற்கு முன்னாலேயே போங்கள்.

கடற்கரை ஊராட்சி ஒன்றிலிருந்து இன்னொருவர் எழுதியது:

நான் விசைப்படகில் போகிறவன். திங்கட்கிழமை மனு நாள், எனக்கு அது கடலுக்குப் போகிற நாள். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், அதில்தான் மனுவுக்கு அலைய முடியும். எங்கள் ஊராட்சித் தலைவர் மேல் இரண்டு தடைக்காலம் அலைந்தேன். தெருவிளக்குப் போட்டதாகக் கணக்கு இருந்தது, விளக்கு இல்லை. ஊராட்சித் தலைவர் என்றால் 1994 ஊராட்சிகள் சட்டம் 205-ஆம் பிரிவில் கலெக்டரே விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதற்குள் 2025 ஜனவரியில் அவர் பதவிக்காலமே முடிந்து, தனி அலுவலர் வந்துவிட்டார். இந்த விளக்குக் கணக்கை நான் விடுவதாக இல்லை.

மறுபடியும் நான்:

மொட்டை மனு போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பேர் போடாத மனுவை ஓரமாக வைத்துவிடுவார்கள். பயமாக இருந்தால் தெருவில் பத்துப் பேராகக் கையெழுத்துப் போடுங்கள். நான் ஒற்றை ஆளாகப் போட்டதால்தான் அந்த ஆள் என் வாசலுக்கு வந்தார்.

போன மாதம் வாய்க்கால் உடைந்ததைப் பார்க்கக் கவுன்சிலர் தனியாக வந்தார். என்னைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "உங்க நம்பரைச் சொல்லுங்கக்கா" என்று தன் போனில் ஏற்றிக்கொண்டார். நடுவத்திலிருந்து விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.