ரங்கூனை விட்டவரும் பிடித்தவரும் ஒரே ஜெனரலா?

காரைக்குடிக்காரன்:
நம்ம பக்கம் பர்மாத் தேக்குத் தூணைப் பற்றிப் பேச்செடுத்தாலே அடுத்தது ஜப்பான் பர்மாவைப் பிடித்த 1942தான். ரங்கூன் மொகல் தெருவில் இருந்த கிட்டங்கியை (வட்டிக்கடையை)ப் பூட்டிவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்ததைச் சொல்வார்கள். அப்போது ரங்கூனைக் கோட்டைவிட்ட பிரிட்டிஷ் ஜெனரல் வில்லியம் ஸ்லிம்தான் 1945-ல் ஜெயித்தாராமே? மூன்று வருஷத்தில் என்ன மாறியது? ரங்கூன் திரும்பக் கிடைத்தும் செட்டியார்களுக்கு நிலம் ஏன் வரவில்லை?

தேவகோட்டை வாசகர்:
தம்பி, ரங்கூன் விழுந்தது 1942 மார்ச் 8. ஸ்லிம் பர்மா கோருக்கு (அங்கிருந்த பிரிட்டிஷ் பெரும்படைக்கு)த் தளபதியானது அதற்கப்புறம், அதே மாதம். பின்வாங்கும் வேலைதான் அவர் தலையில் விழுந்தது. ஏப்ரலில் ஏனாங்யாங் எண்ணெய் வயல்களை எதிரிக்குக் கிடைக்காமல் தகர்த்தார்கள், டாங்கிகளைச் சிந்த்வின் ஆற்றங்கரையிலேயே விட்டார்கள், மே மாத மழையில் எல்லை ஊரான தாமு வழியாக மணிப்பூருக்குள் நுழைந்தார்கள். கிட்டத்தட்ட 900 மைல். ஜப்பானியர் காட்டைச் சுற்றி வந்து பின்னால் சாலையை மறிப்பார்கள். லாரியை நம்பிய படை, மறியலை உடைக்க ஒவ்வொரு தடவையும் பின்னால் திரும்ப வேண்டியிருந்தது.

கண்டனூர் பக்கம்:
அதற்கு மாற்றாக அவர் வைத்த விதி: சுற்றி வளைத்தாலும் நகராதே, சோறும் குண்டும் ஆகாயத்தில் வரும். பட்டு பாராசூட் போதாமல் கல்கத்தா சணல் மில்களில் சணலிலேயே தைக்க வைத்தார். சரக்குக்கு மட்டும்தான், ஆளுக்கு ஆகாது.

ஆனால் பெரிய எதிரி மலேரியா. 1943-ல் காயம்பட்டு வெளியேறிய ஒருவருக்கு 120 பேர் நோயில் விழுந்தார்கள். அதைத் தடுக்கும் மெபாக்ரின் மாத்திரை தோலை மஞ்சளாக்கும். ஆண்மை போய்விடும் என்று வதந்தி வேறு, அதனால் சிப்பாய்கள் விழுங்காமல் துப்பினார்கள். மாத்திரை விழுங்கினார்களா என்று ஸ்லிம் முன்னறிவிப்பில்லாமல் மொத்தப் படைப்பிரிவையும் சோதிக்க வைத்தார். விழுங்கியவர்கள் 95 சதவீதத்துக்குக் குறைந்தால் அதன் தளபதிக்கு வேலை போகும். அப்படி மூன்று தளபதிகளை நீக்கியதும் மற்றவர்கள் வழிக்கு வந்துவிட்டார்கள். டாக்டரைத் திட்டாமல் தளபதியின் கழுத்தைப் பிடித்ததுதான் சூட்சுமம்.

தேவகோட்டை வாசகர்:
1944-ல் இம்பால், கொஹிமாவில் ஜப்பானியர் படை நொறுங்கியது. அதற்கடுத்து நடந்ததுதான் அவருடைய உச்சம் என்பேன். ஒரு கோர் மாண்டலேக்கு வடக்கே ஐராவதியைக் கடந்து எதிரியை அங்கே இழுத்தது. இன்னொன்று வானொலியைப் பேசவிடாமல் காங்காவ் பள்ளத்தாக்கில் தெற்கே இறங்கியது. அது இன்னும் தாமு பக்கமே இருப்பதாகக் காட்ட, அங்கே ஒரு போலித் தலைமையகம் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தது. பிப்ரவரியில் ஞாங்-ஊ அருகே ஆற்றைக் கடந்து, மார்ச் முதல் வாரத்தில் மெய்க்டிலாவைப் பிடித்தார்கள். ஜப்பானியரின் சரக்குக் கிடங்கும் விமானத் தளமும் அங்கேதான். ஆற்றில் சரக்கு கொண்டுபோக வேண்டிய படகுகளைச் சிந்த்வின் கரைக் கலேவாவிலேயே, அங்கே கிடைத்த தேக்கில் கட்டினார்கள். மே 3-ல் ரங்கூன்.

கண்டனூர் பக்கம்:
நிலத்துக்கும் ஸ்லிமுக்கும் சம்பந்தமில்லை. 1930-களில் நெல்விலை சரிந்து, விவசாயிகள் வாங்கிய கடனுக்கு ஈடாகவே கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. பர்மா விவசாயிக்கு அந்தக் கோபம் ஆறவே இல்லை. சுதந்திரம் கிடைத்த 1948-லேயே நில தேசியமயமாக்கல் சட்டம் போட்டுவிட்டார்கள்.