யாரும் தொடாமலே வெடித்த டஃபன்டு ஜன்னல் கண்ணாடி: காரணம் என்ன? மீதிக் கண்ணாடிகளை என்ன செய்வது?

மாடிஜன்னல் (கேள்வி):
வணக்கம். மாடி அறையில் இழுத்துத் திறக்கும் அலுமினிய ஜன்னல். ஒரு கதவில் உள்ள கண்ணாடி 1200 × 1500 மி.மீ., 6 மி.மீ. டஃபன்டு (சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து வலுவூட்டியது). பொருத்தி 14 மாதம் ஆகிறது. இன்று காலை ஜன்னல் சாத்தியிருந்தபோதே பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். பாதிக் கண்ணாடி தரையில் பொடிப்பொடியாகக் கிடக்கிறது, மீதி நொறுங்கியபடியே சட்டத்தில் நிற்கிறது. கல், பந்து எதுவும் அறையில் இல்லை. பொருத்தியவர் "ஏதோ பட்டிருக்கும், தானாக உடையாது" என்கிறார். அது சரியா? ஒரே தடவையில் வாங்கிய இன்னும் 5 கண்ணாடிகள் வீட்டில் இருக்கின்றன. அவற்றுக்கும் இதுதான் கதியா?

சட்டமும்சில்லும்:
தானாக உடையும். ஆனால் உங்களுடையது அப்படித்தான் உடைந்ததா என்பதை நிற்கிற பாதிதான் சொல்லும். அதனால் தயவுசெய்து இப்போதே தட்டிக் கொட்டிவிடாதீர்கள்.

முதலில் ஜன்னலுக்குக் கீழே வெளிப்புறம் யாரும் நடக்காதபடி தடுப்பு வையுங்கள். அந்தக் கதவை நகர்த்த வேண்டாம். 6 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ. உங்கள் முழுக் கண்ணாடி 27 கிலோ. சில்லுகள் தனித்தனியாக விழாமல் கொத்தாக விழுந்தால் மண்டை உடையும். மூடிய செருப்பு, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, எல்லாம் போட்டுக்கொண்டு நேர் எதிரே நின்று படம் எடுங்கள். விரிசல்கள் எங்கிருந்து விசிறி போலப் பிரிகின்றன என்று தேடுங்கள். எல்லாக் கோடுகளையும் பின்னோக்கித் தொடர்ந்தால் ஒரே புள்ளியில் சேரும். அந்தப் புள்ளி நிற்கிற பாதியில் இருந்தால் அதிர்ஷ்டம். அதைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு அகலமான பேக்கிங் டேப்பை அழுத்தாமல் ஒட்டி, அந்தத் துண்டை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

புள்ளி கண்ணாடியின் நடுப்பரப்பில் இருந்து, அங்கே மற்ற சில்லுகளைவிடப் பெரிதாக இரண்டு பலகோணத் துண்டுகள் வண்ணத்துப்பூச்சியின் இறக்கை போல ஒட்டி நிற்கின்றனவா? அவற்றின் பொதுவான விளிம்பைக் குறுக்குவாட்டில், அதாவது கண்ணாடியின் கனத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கனத்தின் நடுப்பகுதியில் மிளகைவிடச் சிறிய கரும்புள்ளி தெரிந்தால் அது நிக்கல் சல்பைடு துகளாக (கண்ணாடி தயாரிக்கும்போதே உள்ளே சிக்கும் அசுத்தம்) இருக்கவே வாய்ப்பு அதிகம். இறக்கை வடிவம் மட்டும் போதாது, புள்ளியும் வேண்டும். எதுவும் பட்டு உடைந்திருந்தால் தொடக்கம் மேற்பரப்பில் இருக்கும், அங்கே வெள்ளையாக நசுங்கிய தடம் தெரியும். விசிறி சட்டத்தின் ஓரத்திலிருந்து கிளம்பினால் விளிம்புக் காயம்.

வெயில்நேரம்:
மேற்கு வெயில் படும் ஜன்னலா? வெயில் சூட்டில் விரிந்து உடைந்திருக்கலாமே.

உலைவேலை:
அது சாதாரணக் கண்ணாடிக்குப் பொருந்தும். அதில் நடுப்பகுதிக்கும் நிழலில் உள்ள ஓரத்துக்கும் 40 டிகிரி அளவு வித்தியாசம் வந்தாலே விரிசல் விடலாம். டஃபன்டு கண்ணாடி ஏறக்குறைய 200 டிகிரி வித்தியாசத்தைத் தாங்கும். வெயில் தனியாக அதை உடைக்காது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் பழுதை அவசரப்படுத்தும், அவ்வளவுதான்.

நடப்பது இது. கண்ணாடியை 620 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றடித்துச் சட்டெனக் குளிர்விப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும், உட்புறம் பிறகு சுருங்கும். அதனால் இரு முகங்களிலும் கனத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஆழத்துக்கு அமுக்கம், நடுவில் இழுவிசை. மூலப்பொருளிலோ இயந்திர உலோகத்திலோ இருந்து நிக்கல் துணுக்கு உலைக்குள் போனால், அங்குள்ள கந்தகத்தோடு சேர்ந்து நிக்கல் சல்பைடு ஆகிறது. இதற்கு இரண்டு வடிவங்கள். 379 டிகிரிக்கு மேலே ஒன்று, கீழே மற்றொன்று. வேகமாகக் குளிர்விக்கும்போது மாற நேரமில்லாமல் சூட்டு வடிவத்திலேயே அடைபடுகிறது. பிறகு சுவரில் இருந்தபடி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மாறும்போது 2 முதல் 4 சதவீதம் பருக்கிறது. அது இழுவிசைப் பகுதியில் இருந்தால் ஒரு நுண்விரிசல் போதும், முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் நொறுங்கும். ஆஸ்திரேலியாவின் மெல்பனில் ஐசிஐ நிறுவனக் கட்டடத்தின் கண்ணாடிகள் உடைந்ததை ஆராய்ந்த அறிக்கை 1961-லேயே இதைச் சொல்லிவிட்டது. "தானாக உடையாது" என்று இன்றும் சொல்வது தவறு.

சாதாரணக் கண்ணாடியிலும் இதே துகள் இருக்கலாம். அது மெதுவாகக் குளிர்வதால் துகள் உலையிலேயே மாறி முடித்துவிடுகிறது, தொல்லை இல்லை.

பட்டறைப்பலகை:
துகளைக் குற்றம் சொல்லும் முன் சட்டத்தையும் கழற்றிப் பாருங்கள். இழுப்பு ஜன்னலில் அடிக்கடி காணும் தவறுகள் இவை. கண்ணாடியின் அடியில் ரப்பர் பிளாக் இரண்டு, அகலத்தின் கால் பங்கில் இருக்க வேண்டும். 1200 அகலத்துக்கு ஒவ்வொரு மூலையிலிருந்தும் 300 மி.மீ. அது நகர்ந்திருந்தால் விளிம்பு நேரே அலுமினியத்தில் உட்காரும். கதவின் அடியில் ஓடும் உருளையை இறுக்கும் திருகு நீளமாகப் போய்விட்டால் அதன் முனை கண்ணாடி விளிம்பில் முட்டும். இது வெளியே தெரியவே தெரியாது, ஒவ்வொரு முறை இழுத்துச் சாத்தும்போதும் ஒரு குத்து. பக்கங்களில் 4, 5 மி.மீ. இடைவெளி இல்லாமல் அடித்துச் செருகியிருந்தாலும் இதே கதை. விளிம்பில் முன்பே இருந்த சிறு உடைவு பீடிங்குக்குள் (கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்திருக்கும் ஓரப் பட்டை) மறைந்து பல மாதம் கழித்துக்கூட வேலையைக் காட்டும்.

மற்ற 5 கண்ணாடிகளில் இதையெல்லாம் இப்போதே பார்த்துவிடலாம். துகளைப் பார்க்க முடியாது, திருகைப் பார்க்கலாம்.

மாடிஜன்னல்:
நன்றி. பார்த்தேன். தொடக்கம் சட்டத்திலிருந்து வெகுதூரத்தில், கிட்டத்தட்ட நடுவில். இரண்டு பெரிய துண்டுகள், நடுக் கனத்தில் கரும்புள்ளி. டேப் ஒட்டி டப்பாவில் வைத்துவிட்டேன். ரப்பர் பிளாக்குகள் சரியான இடத்தில்தான் இருக்கின்றன. இனி மற்ற ஐந்துக்கு ஃபிலிம் (ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டினால் போதுமா? இந்த ஒன்றுக்கு என்ன வாங்குவது?

சட்டமும்சில்லும்:
அந்தத் துண்டையும் படங்களையும் வைத்துக்கொண்டு விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். தேவைப்பட்டால் மின்னணு நுண்ணோக்கி உள்ள ஆய்வகம் துகளில் நிக்கலும் கந்தகமும் இருப்பதை உறுதி செய்யும்.

ஃபிலிம் உடைவதைத் தடுக்காது, உடைந்ததைப் பிடித்து வைக்கும். அதுவும் பீடிங் ஓரம் வரை மட்டும் ஒட்டினால் ஆபத்து கூடும்: நொறுங்கிய 27 கிலோவும் ஒரே பாயாகச் சுருண்டு கீழே வரும். 200 மைக்ரான் கனமுள்ள பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டி, நான்கு பக்கமும் ஸ்ட்ரக்சுரல் சிலிக்கானால் (பாரம் தாங்கும் பசை) சட்டத்தோடு பிணைத்தால்தான் பயன்.

ஒன்று உடைந்ததால் ஐந்தும் உடையும் என்றில்லை. ஒரே உலை ஓட்டத்தில் வந்தவை என்பதால் சந்தேகம் கூடுகிறது. எல்லாவற்றையும் மாற்ற முடியாவிட்டால் கட்டிலை ஒட்டியது, நடைபாதைக்கு மேலே இருப்பது, இவற்றை முதலில் மாற்றுங்கள்.

உலைவேலை:
புதியதற்கு என் முதல் தேர்வு லேமினேட்டட்: 3 மி.மீ. தாள் இரண்டு, நடுவில் அவற்றை ஒட்டும் 0.76 மி.மீ. பிவிபி பிளாஸ்டிக் ஏடு. டஃபன் செய்யாத தாள்கள் என்பதால் இந்தத் துகள் பிரச்சினையே இல்லை, உடைந்தாலும் சட்டத்தில் நிற்கும். மொத்தக் கனம் 6.76, பழைய பள்ளத்தில் மெல்லிய ரப்பர் போட்டால் பெரும்பாலும் அடங்கும், அளந்து பாருங்கள். கருநிறக் கண்ணாடி, பாதி நிழல், பாதி வெயில் என்றால் மட்டும் இரு தாளையும் ஹீட் ஸ்ட்ரெங்தன்டாக (டஃபன்டைவிடக் குறைவாக வலுவூட்டியது) கேளுங்கள்.

டஃபன்டுதான் வேண்டுமென்றால் ஹீட் சோக் செய்தது வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். இஎன் 14179 என்ற ஐரோப்பியத் தரத்தின் முறைப்படி கண்ணாடியை 260 டிகிரியில் 2 மணி நேரம் நிறுத்துவார்கள். துகள் உள்ளவை அந்த அடுப்பிலேயே உடைந்துவிடும். தப்பிப் பிழைப்பதில் 400 டன்னுக்கு ஒரு உடைவுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்பது அந்தத் தரத்தின் கணக்கு. பூஜ்யம் அல்ல. வாய்ச்சொல்லை நம்பாமல் அடுப்பின் வெப்ப வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அளவில் தவறினால் பிறகு ஒரு மி.மீ. கூடத் தேய்த்துக் குறைக்க முடியாது, துளையும் போட முடியாது.

பட்டறைப்பலகை:
லேமினேட்டட் போட்டால் இரண்டு விஷயம். புளிச்ச காடி வாசனை வரும் சிலிக்கான் பிவிபியைக் கெடுக்கும். நியூட்ரல் வகையையே பூசச் சொல்லுங்கள். கீழ்ச்சட்டத்தில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் குச்சி விட்டு இன்றே திறந்துவிடுங்கள். விளிம்பு தண்ணீரில் ஊறினால் ஓரத்தில் பால்வெள்ளையாகப் பிரியும். பழைய சில்லுகள் தண்டவாளத்தில் உருளை ஓடும் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். வேக்வம் போட்டு எடுத்த பிறகும் ஈரத்துணியால் இருமுறை துடைத்து, அந்தத் துணியை அலசாமல் தூக்கி எறிந்துவிடுங்கள்.