சுண்டிக்குளத்தில் பூநாரை பார்க்கப் போய் வாங்கிக் கட்டியது

தை மாதத்து ஞாயிறு, விடிய நாலரைக்கே மச்சானோடு மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்டோம். ஏ9 வீதியில் இயக்கச்சியில் கிழக்கே திரும்பி, கட்டைக்காடு, பிறகு கரையோரமாகச் சுண்டிக்குளம். 1938 இலேயே பறவைகள் சரணாலயமாக்கிய இடம், 2015 இல் தேசியப் பூங்காவானது. அந்த றோட்டை என் முதுகு இன்னும் மறக்கவில்லை.

பரவைக்கடலில் தூரத்தே வெளிர் ரோசாக் கோடு. பூநாரைகள்! முந்நூறு வரை எண்ணிவிட்டுக் கைவிட்டேன். சேற்றைக் காலால் மிதித்துக் கலக்கி, அலகைத் தலைகீழாக வைத்து வடிகட்டித் தின்கின்றன. சாம்பல் நிறத்தில் நின்றவை வேறு இனம் என்று மச்சான் சாதித்தான். அவை இளசுகள், இரையில் உள்ள நிறமி உடம்பில் சேரச் சேரத்தான் சிவக்கும்.

படம் பெரிதாக விழவேண்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு நேரே நடந்தேன். முழங்கால் வரை சுரி. முன்னுக்கு நின்றவை கழுத்தை நிமிர்த்தின, அவ்வளவுதான், முழுக்கூட்டமும் எழும்பிவிட்டது. எனக்குக் கிடைத்தவை பின்பக்கப் படங்கள் பதினேழு.

வயிறெரிந்தது எதற்கென்றால், அதே தண்ணீரில் ஒரு ஐயா இறால் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்திலேயே ஊசிவால் வாத்துகள். எப்படி என்று கேட்டேன்.

"தம்பி, நான் அதுகளைப் பாக்கிறேல்லை. நீர் அதுகளையே பாத்துக்கொண்டு நேரா வந்தனீர். நரியும் அப்பிடித்தானே வரும்?"

பிறகு வேறெங்கோ போகிறவன் மாதிரிச் சரிவாக நடந்து, நின்று, திரும்பி நின்று, ஒரு மணித்தியாலத்தில் வாத்துகளுக்குக் கிட்டப் போய்விட்டேன். ஆனால் ஊசிவால் வாத்து பெரும்பாலும் இரவில்தான் மேயும். படத்தில் இருப்பதெல்லாம் முதுகுக்குள் தலை செருகிய நித்திரைதான்.

பதிவுக்குக் கீழே தீவுப்பகுதியில் இருந்து ஒருவர்: யாழ்ப்பாணப் பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் போகும்போது பஸ் யன்னலாலேயே இந்தப் பறவைகளைப் பார்க்கலாம். வாகனத்துக்கு அவ்வளவாக அசையாது, ஆள் இறங்கினால் பறக்கும். நெற்றியில் சந்தனம் பூசினது போல ஒரு வாத்து வரும், விசில் அடிக்கும். சத்தம் கேட்டால் அதுதான்.

கனடாவில் இருந்து ஒருவர்: நான் சித்திரை வருசத்துக்கு வந்து அங்கே போனேன். ஒரு வாத்தும் இல்லை, வெயில்தான் நின்றது. ஐயாவிடம் இறாலாவது வாங்கினீர்களா?

பதிவிட்டவர்: ஒரு கிலோ. மச்சான் வீட்டுக் குழம்பு, சொல்லி வேலையில்லை.