லேப்ரடாருக்கு வலது பின்னங்கால் நொண்டல்: ஊசி போட்டால் சரியாகிறது, மூன்றாம் நாள் மறுபடியும்

கோரிமேட்டுக்காரன்:
வணக்கங்க. சேலம் கோரிமேட்டில் இருக்கிறோம். எங்கள் லேப்ரடார் பெயர் ஜிம்மி, ஆண், ஐந்து வயது. இந்த மாதம் முதல் ஞாயிறு ஏற்காடு போனபோது அவனையும் கூட்டிப் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை பின் சீட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சறுக்கிக்கொண்டே வந்தான். பகோடா பாயிண்டில் கதவைத் திறந்ததும் குரங்கைப் பார்த்துவிட்டான், ஒரே தாவல். கால் மணி நேரம் நிற்காத ஓட்டம். ராத்திரி வீடு திரும்பியபோதுகூட நன்றாகத்தான் இருந்தான். திங்கட்கிழமை காலை எழுந்திருக்கும்போதே வலது பின்னங்காலை ஊன்றவில்லை.

பக்கத்து கிளினிக்கில் சுளுக்கு என்று ஊசி போட்டார்கள். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, அது வேறு கதை. இரண்டு நாள் குதித்தான், மூன்றாம் நாள் பழையபடி நொண்டல். மறுபடி ஊசி, மறுபடி நொண்டல். பக்கத்து வீட்டு அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் பற்றுப் போடச் சொல்கிறார். நண்பன் அரை டோலோ கொடு என்கிறான். மாமனாருக்கு ஓமலூர் பக்கம் தோட்டத்தில் கிணறு இருக்கிறது, நீச்சல் நல்லது என்று எங்கேயோ படித்தேன், இறக்கி விடலாமா? யாராவது சொல்லுங்க.

ஏழுநாய்வீடு:
தம்பி, முதலில் அந்த டோலோவை எடுத்த இடத்தில் வை. மனுஷன் சாப்பிடும் வலி மாத்திரை எதுவும் வேண்டாம். புரூஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாய்க்கு வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதுவும் ஏற்கெனவே வலிக்கு ஊசி போட்டிருக்கும்போது மேலே இன்னொன்று சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. வேறு டாக்டரிடம் போனால் என்ன ஊசி, எந்தத் தேதி என்று சீட்டோடு காட்டு.

கிணறும் வேண்டாம். நம் பக்கத்துக் கிணறு ஆழம் உனக்குத் தெரியாதா? நாய் ஏறி வரச் சரிவு கிடையாது, களைத்துப்போனால் சுவரைப் பிறாண்டிக்கொண்டே முழுகும்.

இப்போது என் கேள்விக்குப் பதில் சொல். எடை எவ்வளவு? உட்காரும்போது அந்தக் காலை மடக்கி உட்காருகிறானா, பக்கவாட்டில் நீட்டிக்கொள்கிறானா? வீட்டில் தரை என்ன? ஏற்காட்டுக்கு முந்தின நாட்களில் தினம் எவ்வளவு நடந்தான்?

இன்னொன்று. வாசலில் தண்ணீர் தெளித்து அதன் மேல் மெதுவாக நடத்திப் பார். சிமெண்டில் விழும் ஈரத்தடத்தைப் பார்த்துச் சொல்.

காபித்தோட்டம்:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே வந்து போன நாய் நொண்டினால் எங்கள் எஸ்டேட்டில் முதலில் உண்ணியைத்தான் தேடுவோம். காது மடல் உள்பக்கம், விரல் இடுக்கு, வாலடி. உண்ணிக் காய்ச்சலில் மூட்டு வலிக்கும். இன்று முன்னங்கால், நாளை பின்னங்கால் என்று வலி இடம் மாறும். ஈறு வெளுத்திருக்கிறதா, வயிற்றில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா, சாப்பாட்டில் ஆர்வம் குறைந்ததா என்று பாருங்கள். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம், நம் கணக்கில் காய்ச்சல் என்று பயப்பட வேண்டாம். அதற்கு மேலே போனால் ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு வருத்தம். மலைப்பாதையில் கார் ஜன்னலை முழுசாகத் திறந்து வைத்து நாயை வெளியே தலை நீட்டவிட்டு வருகிறீர்கள். வளைவில் குரங்குக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். போன வருஷம் என் கண்முன்னே ஒரு பொமரேனியன் குதித்தது.

கோரிமேட்டுக்காரன்:
அக்கா, எல்லாம் செய்தேன்.

எடை போட்ட கதையே தனி. வீட்டுத் தராசில் அவனைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியவில்லை. கடைசியில் செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினோம். 41 கிலோ 600. மண்டிக்காரர் "அரிசி மூட்டையை விட நல்லா இருக்கான்" என்றார்.

உட்காரும்போது வலது காலை வெளியே நீட்டிக்கொள்கிறான். நான் அதை ஸ்டைல் என்று நினைத்திருந்தேன், போட்டோகூட இருக்கிறது. தேதி பார்த்தேன், பிப்ரவரி. ஏற்காடு போகவே இல்லை அப்போது.

ஈரத்தடம்: மூன்று காலும் முழுசாக, உள்ளங்கால் குமிழோடு பதிகிறது. வலது பின்னங்கால் மட்டும் நடு இரண்டு விரல், பொட்டு வைத்தாற்போல இரண்டு புள்ளி. நெஞ்சு பக்கென்றது.

தரை வெள்ளை டைல்ஸ். நடை தினமும் கிடையாது, எனக்கு ஷிஃப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை மூக்கனேரிக் கரையில் ஒரு மணி நேரம் பந்து எறிவேன். காய்ச்சல் இல்லை, உண்ணி ஒன்று காதில் கிடைத்தது, எடுத்துவிட்டேன்.

ஏழுநாய்வீடு:
எனக்கு முழங்கால்தான் சந்தேகம். ஆட்டக்காரர்களுக்கு ஏசிஎல் அறுந்துவிட்டது என்று பேப்பரில் போடுவார்களே, முழங்காலில் எலும்போடு எலும்பைக் கட்டும் அதே லிகமென்ட் நாய்க்கும் உண்டு. மனுஷனுக்குப் பெரும்பாலும் ஒரே அடியில் அறுகிறது. நாய்க்குப் பழைய கயிறு மாதிரி இழை இழையாகப் பல மாதம் பிய்ந்துகொண்டே வரும். பிப்ரவரி போட்டோ அதைத்தான் சொல்கிறது. குரங்கு மேல் பழி போடாதே.

ஊசி வலியை மறைக்கிறது, அவன் சரியாகிவிட்டது என்று நினைத்து ஓடுகிறான், மிச்ச இழையும் பிய்கிறது. உன் ஊசிக் கதை இதுதான். வாரத்தில் ஆறு நாள் படுத்துவிட்டு ஏழாம் நாள் பந்தைத் துரத்தினால் நம் முட்டியே தாங்காது. பந்துக்காக ஓடி, சட்டென்று நின்று, திரும்புகிறான் பார், அந்தத் திருகல்தான் கெடுக்கிறது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போ, இங்கிருந்து 50 கிலோமீட்டர்தான். எக்ஸ்ரேயில் லிகமென்ட் தெரியாது. மூட்டில் நீர் கோத்திருப்பதும் எலும்புத் தேய்மானமும் தெரியும். கையால் முழங்காலை முன்னே பின்னே இழுத்துப் பார்ப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. அதற்கு மயக்கம் கொடுக்க வேண்டி வரலாம், வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று முன்னாடியே கேட்டுக்கொள். அதுவரை படி ஏறக் கூடாது, கட்டிலில் தாவக் கூடாது. மூத்திரத்துக்குக் கூட்டிப் போவதும் கயிறோடுதான்.

சாப்பாடு என்ன போடுகிறீர்கள் என்று நீ சொல்லவே இல்லை, கவனித்தேன்.

கோரிமேட்டுக்காரன்:
இரண்டு வேளை டாக் ஃபுட், அவ்வளவுதான் என்று எழுத வந்தேன். பிறகு ஒரு நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து எண்ணினேன். காலையில் அப்பா டீயோடு நாலு பிஸ்கட். பத்து மணிக்கு அம்மா ஒரு நெய் தோசை, "ஓரம்தான் குடுத்தேன்" என்கிறார். மதியம் மிச்சத் தயிர் சோறு. நாலு மணிக்குப் பையன் ஸ்கூல் விட்டு வந்து தட்டுவடை செட்டில் பாதி. அதில் வெங்காயம் வேறு. இதற்கு மேல் டாக் ஃபுட் இரண்டு வேளை.

ஏழுநாய்வீடு:
வெங்காயம் நாய்க்கு ரத்த அணுவை உடைக்கும், அதை இன்றே நிறுத்து. மாம்பழ சீசன் வருகிறது, கொட்டையை அவன் கைக்கு எட்டாமல் போடுங்கள். குடலில் மாட்டினால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும்.

கோரிமேட்டுக்காரன் (இரண்டு வாரம் கழித்து):
நாமக்கல் போய் வந்தோம். பாதி கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். வலது தொடை 38 சென்டிமீட்டர், இடது 41. ஊன்றாததால் சதை வற்றிவிட்டதாம். ரத்தத்தில் பிளேட்லெட் எல்லாம் சரி, உண்ணிக் காய்ச்சல் இல்லை. இந்த எடைக்கு நாளாக நாளாக ஆபரேஷன் தேவைப்படலாம், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் மேல் தலையை வெட்டித் திருப்பித் தகடு வைப்பார்கள், முதலில் எடையை இறக்கிக்கொண்டு வா என்றார். இலக்கு 33 கிலோ. வாரத்துக்கு 400 முதல் 800 கிராம், அதற்கு மேல் அவசரம் வேண்டாம் என்றார். ஒரு காலில் வந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மற்ற காலிலும் வரும் என்றும் சொன்னார். அதைக் கேட்டபிறகு பந்தைப் பையனிடமிருந்து வாங்கிப் பரணில் போட்டுவிட்டேன்.

காபித்தோட்டம்:
நடை கொடுக்கச் சொன்னாரா? சேலத்து வெயிலில் பார்த்துச் செய்யுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அவன் பாதமும் வேகும்.

கோரிமேட்டுக்காரன்:
சொன்னார். கயிறோடு ஐந்து நிமிஷம், நாளைக்கு மூன்று தடவை, சமதரையில். காலை ஆறு மணிக்கு முன்னால் முதல் நடையை முடித்துவிடுகிறோம்.

கோரிமேட்டுக்காரன் (ஜூலை):
நேற்று அதே மண்டித் தராசில் 37 கிலோ 100. அம்மா காலையில் ஒரு டப்பாவில் அன்றைய தீனியை அளந்து வைத்துவிடுகிறார், யார் எது கொடுத்தாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். தோசை கேட்டு அவன் அடுப்பு மேடையடியில் போடும் சத்தம் மட்டும் குறையவில்லை. கையை அழுத்தாமல் தடவினால் விலா எலும்பு தட்டுப்படுகிறது, முதல் தடவை. வாசலில் ஈரத்தடம் நாலு விரலும் பதிகிறது, குமிழ் இன்னும் லேசாகத்தான். ஆபரேஷன் வேண்டுமா என்பதை அடுத்த மாதம் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார் டாக்டர். ஹாலிலிருந்து வாசல்வரை டைல்ஸ் மேல் மிதியடி விரித்தோம். எழுந்திருக்கும்போது பின்னங்கால் வழுக்குவது நின்றுவிட்டது.

புதுஉறுப்பினர்:
எங்கள் வீட்டிலும் டைல்ஸ்தான். அந்த மிதியடி எங்கே கிடைக்கும்? தேங்காய் நாரா?

கோரிமேட்டுக்காரன்:
நார்தாங்க, மீட்டர் கணக்கில் வெட்டித் தந்தார்கள். அடியில் ரப்பர் ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். முதலில் ரப்பர் இல்லாததை வாங்கி, அது அவனோடு சேர்ந்து வழுக்கியது.