மலையில் இருப்பவனுக்குச் சொந்தச் சிலிண்டர் எதற்கு?

நானுஓயாக்காரன்:
"மலைநாட்டில் இருந்துகொண்டு கடலுக்கடியில் மூச்சுவிடக் காற்று அடைத்த சுழியோடும் சிலிண்டரைச் சொந்தமாக வாங்குவது, பாலைவனத்தில் படகு வாங்கியதற்குச் சமம். வாடகைக்கு எடுப்பவனே புத்திசாலி" என்று கண்டி வாசி நேற்றுத் தீர்ப்பு எழுதியிருந்தார். இவரை நீதிபதியாக நியமித்தது யார் என்று தெரியவில்லை.

வாடகையின் இலட்சணத்தைச் சொல்கிறேன். நிலாவெளிக் கடற்கரையில் ஒரு கடையில் வார வாடகைக்குச் சிலிண்டர் எடுத்தேன். என் கண்ணெதிரேதான் நிரப்பினார்கள். அழுத்தமானியில் 200 பார் (அழுத்தத்தின் அலகு) காட்டியது. அடுத்த வாரமும் போவதாக இருந்ததால் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் விடியற்காலையில் மானியோடு மூச்சுக் கருவியான ரெகுலேட்டரைப் பூட்டிப் பார்த்தால் 183! பதினேழு பார் எங்கே போனது? கசிகிற வால்வைத் தலையில் கட்டிவிட்டார்கள். வாடகைக்கு வக்காலத்து வாங்குபவர்கள் முதலில் அந்தப் பதினேழு பாருக்குக் கணக்குச் சொல்லட்டும்.

கண்டி வாசி:
என் பெயரைச் சொல்லி அழைத்ததால் வந்தேன். கடையோடு படகில் போனால் சிலிண்டரும், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடையும் பெரும்பாலும் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். சொந்தச் சிலிண்டர் வைத்திருந்தாலும் நிரப்புவதற்குக் கடற்கரைக்குத்தான் போகவேண்டும். வருடத்துக்கு ஒருமுறை உட்புறப் பரிசோதனை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை என்று செலவு வேறு இருக்கிறது. இதில் மிச்சம் எங்கே?

நானுஓயாக்காரன்:
மிச்சம் இருக்கட்டும். பதினேழு பார்?

ஹட்டன் கணக்கர்:
ஐயா, கசிவு எதுவும் இல்லை. நிரப்பும்போது காற்று அமுங்கிச் சூடாகும். சிலிண்டரைத் தொட்டாலே தெரியும். அப்போது 42 பாகை இருந்தது என்று வையுங்கள். நானுஓயாவில் விடியற்காலையில் 13 பாகை. 273ஐக் கூட்டினால் கெல்வினில் 315உம் 286உம். மானியின் 200உடன் வெளியழுத்தம் 1ஐக் கூட்டினால் 201. அதை 286ஆல் பெருக்கி 315ஆல் வகுத்தால் ஏறத்தாழ 182.5. மானி வெளியழுத்தத்தைக் கழித்துத்தான் காட்டும், அதைக் கழித்தால் 182க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பாகை அப்படி இப்படி இருந்தால் உங்கள் 183 வந்துவிடும். காற்று ஒரு மூச்சுக்கூடக் குறையவில்லை, குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பண்டாரவளை மூடுபனி:
வெப்பம் எல்லாம் இல்லை. மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால்தான் மானி இறங்கிவிட்டது.

ஹட்டன் கணக்கர்:
வெளியழுத்தம் குறைந்தால் மானி ஏறவேண்டும், இறங்கக்கூடாது. அதுவும் நானுஓயா உயரத்துக்குக் கால் பார்கூட வராது. எந்த மானியிலும் அது கண்ணுக்குத் தெரியாது.

நானுஓயாக்காரன்:
பார்த்தீர்களா? ஒருவர் வெப்பம் என்கிறார், ஒருவர் உயரம் என்கிறார். கடைக்காரனைக் காப்பாற்ற ஆளுக்கொரு விஞ்ஞானம். தேயிலை நிறுவையில் கிலோவைக் கழிக்கும்போதும் இப்படித்தான் காரணம் சொன்னார்கள்: இலையில் ஈரம், கூடையின் பாரம் என்று. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை தராசுக்கு முன்னால் நின்றிருக்கிறது. கணக்கரின் பெருக்கல் எங்களுக்குப் புதிதல்ல.

ஹட்டன் கணக்கர்:
நான் தோட்டக் கணக்கப்பிள்ளை இல்லை, பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஒரே கேள்வி. அதே சிலிண்டரை மறுபடி நிலாவெளிக்குக் கொண்டுபோனபோது எவ்வளவு காட்டியது?

நானுஓயாக்காரன்:
கேள்வி கேட்டவன் நான். பதில் சொல்லவேண்டியவர்கள் நீங்கள்.

ஹட்டன் கணக்கர்:
சரி, வால்வை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தீர்களா? குமிழி வந்ததா?

நானுஓயாக்காரன்:
அரைமணி நேரம் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. நான் பார்க்கும்போது மட்டும் கசியாத வால்வு. எவ்வளவு கெட்டிக்காரர்கள் பாருங்கள்!

பதுளைப் பக்கம்:
வாங்குவதும் வேண்டாம், வாடகையும் வேண்டாம். மூன்று பேர் சேர்ந்து பங்குபோட்டு வாங்குங்கள். நாங்கள் அப்படித்தான் ஒரு 12 லீற்றர் இரும்புச் சிலிண்டர் வாங்கினோம். செங்கலடி வீதியில் இறங்கினால் மட்டக்களப்புப் பக்கம் எங்களுக்குச் சுலபம். மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் தெளிந்திருக்கும் காலம் முழுவதும் அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

பண்டாரவளை மூடுபனி:
அந்தப் பங்கில் நானும் ஒருவன் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். வருட முடிவில் பரிசோதனைக்குக் கொடுத்தால் உள்ளே துரு. விளக்கு விட்டுப் பார்த்தபோது அடிப்பக்கம் முழுவதும் செம்மண் நிறப் பொடி. யாரோ ஒருவர் காற்றை முழுவதும் தீர்த்து, வால்வையும் திறந்துவைத்தபடியே மூடுபனிக் காலத்தில் கொட்டகையில் போட்டுவைத்திருந்தார். ஈரக்காற்று உள்ளே போகாமல் கொஞ்சம் அழுத்தத்தை மிச்சம் வைக்கவேண்டும் என்பது முதல் பாடம். அந்த யாரோ ஒருவர் இப்போது பங்கின் பெருமையைப் பேசுகிறார்.

பதுளைப் பக்கம்:
கடைசியாக எடுத்துப்போனது நான்தான். திறந்துவைத்தது நானல்ல. கொட்டகைச் சாவி யாரிடம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தம்பி.

நானுஓயாக்காரன்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். பங்கு என்றால் துரு, வாடகை என்றால் பதினேழு பார். 11.1 லீற்றர் அலுமினியச் சிலிண்டர் ஒன்று விலைக்கு வருகிறது. வெறும் எடை 14 கிலோ அளவில், தோளில் போட்டுக்கொண்டே பஸ் ஏறிவிடலாம். பழையது, ஆனால் பளபளவென்று இருக்கிறது. கழுத்தில் 6351 என்று ஏதோ குத்தியிருக்கிறது.

கண்டி வாசி:
தொடாதீர்கள். 6351 என்பது பழைய அலுமினியக் கலவை. எண்பதுகளின் இறுதியோடு பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். கழுத்துப் புரிகளில் நாளாவட்டத்தில் வெடிப்பு விழும், நிரப்பும்போது சிதறிய சம்பவங்கள் உண்டு. இப்போது வருவது 6061. பல கடைகள் 6351ஐக் கண்டாலே நிரப்ப மறுத்துவிடும்.

நானுஓயாக்காரன்:
நான் வாங்கப் போகிறேன் என்றதும் வெடிக்கும் என்கிறார். அவர் சொல்லும் கடையில் எடுத்தால் மட்டும் வெடிக்காது. கமிஷன் எவ்வளவு ஐயா?

கண்டி வாசி:
கமிஷன் வாங்குபவன் உங்களைப் போன்ற ஆளுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கமாட்டான்.

மஸ்கெலியா:
ஏன் கடலுக்கே போகவேண்டும்? மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. தண்ணீர் வற்றினால் கோயில் தலைகாட்டும். சிலிண்டர் கையில் இருந்தால் வற்றும்வரை காத்திருக்காமல் போய்ப் பார்க்கலாம்.

ஹட்டன் கணக்கர்:
அணைக்கட்டுக்குப் பக்கத்தில் சிலிண்டரோடு இறங்கினால் முதலில் பார்ப்பது கோயிலை அல்ல, பொலிஸ் நிலையத்தை. அனுமதி கிடைத்தாலும், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் கடல்மட்டச் சுழியோடல் அட்டவணை ஆயிரம் மீற்றருக்கு மேலே செல்லாது. இன்னொன்று, நானுஓயாக்காரரே: நிலாவெளியில் தொடர்ந்து சுழியோடிவிட்டு அன்றிரவே மலை ஏறினீர்களா?

நானுஓயாக்காரன்:
பின்னே? இரவோடிரவாக வீடு வந்தேன்.

ஹட்டன் கணக்கர்:
பலமுறை மூழ்கியவர் விமானம் ஏறுவதற்கு 18 மணித்தியாலம் பொறுக்கவேண்டும் என்பது வழிகாட்டல். ஒரே ஒரு முறை என்றால் 12. மலைப்பாதை விமானம் இல்லைதான். ஆனால் நுவரெலியா 1,868 மீற்றர், விமான அறைக்குள் இருக்கும் அழுத்தத்துக்கு அது வெகு தூரமில்லை. வெளியழுத்தம் குறைந்தால் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைதரசன் குமிழியாகும், உங்களுக்காகக் கண்டியில் இறங்கித் தேநீர் குடிக்காது.

நானுஓயாக்காரன்:
என் பாட்டன் மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தவர். குமிழிக்குப் பயப்படும் வம்சம் இல்லை.

கண்டி வாசி:
பாட்டன் கடலுக்கு மேலே வந்தார். அடியிலிருந்து வரவில்லை.

பதுளைப் பக்கம்:
பயம் என்றதும் நினைவு வந்தது. மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் போர்க்கப்பலை ஒற்றைச் சிலிண்டரோடு பார்த்துவந்தவன் நான்.

ஹட்டன் கணக்கர்:
1942 ஏப்ரல் 9ஆம் திகதி மூழ்கிய அந்தக் கப்பல் 53 மீற்றரில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லையே 40. 53 மீற்றரில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் ஆறு மடங்குக்கு மேல். நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்சு இழுப்பவருக்கு அது 126 லீற்றராகும். 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,400 லீற்றர். பத்தொன்பது நிமிடத்தில் கடைசி மூச்சு. மேலே வருவதற்கு எதை வைத்தீர்கள்?

பதுளைப் பக்கம்:
நான் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கிறவன் இல்லை.

பண்டாரவளை மூடுபனி:
ஒரு நிமிடம். அந்த ஒற்றைச் சிலிண்டர் எங்கள் பங்குச் சிலிண்டரா? ஹெர்மிஸுக்குக் கொண்டுபோனதாக அப்போது யாரும் என்னிடம் சொல்லவில்லையே.

நானுஓயாக்காரன்:
ஹெர்மிஸ், நைதரசன், பொலிஸ் என்று நாட்டையே சுற்றிவிட்டார்கள். பதினேழு பார் மட்டும் இன்னும் வரவில்லை.

ஹட்டன் கணக்கர்:
இரண்டாம் முறையாகக் கேட்கிறேன். நிலாவெளிக்குத் திரும்பியபோது மானி எவ்வளவு காட்டியது?

நானுஓயாக்காரன்:
அந்த வாரம் ரம்பொடைப் பக்கம் மண்சரிவு, போகவில்லை. சிலிண்டரைப் பார்சல் லொறியில் திருப்பி அனுப்பிவிட்டேன். கடைக்காரன் ஏதோ 195 என்று சொன்னான். அவன் மானியை நான் நம்பவேண்டுமா?

ஹட்டன் கணக்கர்:
195!

நானுஓயாக்காரன்:
அப்படியானால் இன்னும் ஐந்து பார் குறைகிறது. அதற்கும் கணக்குச் சொல்லுங்கள்.

பண்டாரவளை மூடுபனி:
ஹெர்மிஸ் விஷயத்துக்கு வாருங்கள் அண்ணன். வால்வின் ரப்பர் வளையம் பிய்ந்து வந்தது அந்தப் பயணத்துக்குப் பிறகுதானே?

பதுளைப் பக்கம்:
வளையத்தின் விலை ஒரு பிளேன்டீ. என்னிடமிருந்து நீங்கள் கொண்டுபோன ஈய எடை இரண்டையும் முதலில் பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள், பிறகு வளையத்தைப் பற்றிப் பேசலாம்.